அதிகாரம் 5: கேள்வி முதலில் சபைக்குள் எழட்டும்

ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளை. மனப்பாட வசனங்கள் தெரியும். பாடகர் குழுவில் பாடியதுண்டு, திடப்படுத்தலும் முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்கிறது. அறை நண்பர்களில் ஒருவர் பெரியாரைப் படித்தவர், ஒருவர் பக்தியுள்ள இஸ்லாமியர், இன்னொருவர் "எல்லா மதமும் மனிதன் உண்டாக்கியதுதானே" என்று நினைப்பவர். முதல் மாதத்திலேயே கேள்விகள் வந்துவிடுகின்றன. பைபிளை எத்தனை முறை திருத்தினார்கள்? ஆறு நாளில் உலகம் உண்டானதை நீ நம்புகிறாயா? சுனாமியை ஏன் உன் கடவுள் தடுக்கவில்லை?

இந்தக் கேள்விகள் கெட்டவை அல்ல, கேட்பவர்கள் எதிரிகளும் அல்ல. நம் பிள்ளை இவற்றை முதன்முறையாக அங்கேதான் கேட்கிறது என்பதுதான் ஆபத்து. பதினெட்டு வயதுவரை சபையில் இருந்தும் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை என்றால், "பெரியவர்களுக்கே பதில் தெரியாது போலிருக்கிறது" என்று அது நினைக்கும். மறைத்தார்கள் என்றும் நினைக்கலாம். விசுவாசத்தை விட்டுப் போகிற பல வாலிபரின் முதல் மனக்குறை, பதில் கிடைக்கவில்லை என்பதைவிட, கேட்க இடமே இருக்கவில்லை என்பதுதான்.

ஆகவே வாலிபர் ஐக்கியத் தலைவர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த அதிகாரம் சொல்வது ஒன்றுதான். வெளியே எழப்போகிற கேள்வி, அதன் முழுப் பலத்தோடு, முதலில் சபைக்குள் எழட்டும். அன்புள்ளவர்கள் நடுவில், அவசரமில்லாமல், வேதமும் வரலாறும் கையில் இருக்க, பிள்ளைகள் அதைச் சந்திக்கட்டும். அதை நடத்தும் முறையும் சில மாதிரிகளும் கீழே உள்ளன.

வேதம் காட்டும் வழி

விசுவாசத்தைக் காத்துப் பேசுவதற்கு ஆதாரமாக எல்லாரும் 1 பேதுரு 3:15-ஐ எடுப்பார்கள். நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார் பேதுரு. சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்ல வேண்டும் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கற்றுக்கொடுத்தால் வாதக்காரர்களை உருவாக்குவோம், சாட்சிகளை அல்ல.

சந்தேகப்படுகிறவரை எப்படி நடத்துவது என்பதற்கு மத்தேயு 11-ஐ வாசியுங்கள். யோர்தானில் இயேசுவை ஊரறிய அறிவித்த யோவான்ஸ்நானகன், சிறையில் இருக்கும்போது, வரவேண்டியவர் நீர்தானா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறான். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று சான்றுகளைக் காட்டி அனுப்புகிறார். தூதர்கள் போனபின், கூட்டத்தார் முன்னிலையில் யோவானை மெச்சிப் பேசுகிறார். உங்கள் ஐக்கியத்தில் ஒரு வாலிபர் சந்தேகத்தைச் சொல்லும்போது நீங்கள் செய்ய வேண்டியவை இந்த இரண்டுமே: சான்றைக் காட்டுங்கள், அவர் மதிப்பைக் குறைக்காதீர்கள்.

அப்போஸ்தலர் 17-இல் பெரேயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். அப்போஸ்தலனையே சோதித்துப் பார்க்கலாம் என்றால், ஐக்கியத் தலைவர் கோபப்பட இடமில்லை.

கேள்விக்குப் பின்னால் யார்?

பதிலைத் தேடுமுன் கேட்பவரைப் பாருங்கள். ஒரே கேள்வி மூன்று வகையான மனதிலிருந்து வரலாம்.

அறிய விரும்பிக் கேட்பவர் முதல் வகை. "சுவிசேஷங்களை எப்போது எழுதினார்கள்?" என்று இவர் கேட்டால் தகவலைக் கொடுங்கள், புத்தகத்தைக் கொடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

காயத்திலிருந்து கேட்பவர் இரண்டாம் வகை. "கடவுள் நல்லவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு பெண் கேட்கிறாள். அவளுடைய அம்மா போன மாதம் புற்றுநோயில் இறந்திருக்கலாம். அவளிடம் தத்துவம் பேசினால் அவளை இழப்பீர்கள். "என்னம்மா நடந்தது?" என்று கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

சபையின் நடத்தையைக் கண்டு மனம் கசந்தவர் மூன்றாம் வகை. வேதாகமத்தின் நம்பகத்தன்மையைப் பற்றி வாதாடுவார், ஆனால் உள்ளே உறுத்துவது சபைத் தேர்தல் சண்டையாகவோ சாதி பார்த்துத் தட்டிப்போன கல்யாணமாகவோ இருக்கும். அதை அவர் சொல்லும் அளவுக்கு உங்களை நம்ப வேண்டும்.

வகை தெரியாதபோது ஒரு கேள்வி உதவும்: "இது எப்போதிலிருந்து உங்கள் மனதில் இருக்கிறது?" பெரும்பாலும் அதற்கு வரும் விடையே வழி காட்டிவிடும்.

மாதம் ஒரு கேள்விக் கூட்டம்

மாதத்தில் ஒரு வாலிபர் கூட்டத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். தொண்ணூறு நிமிடம் போதும்.

1. கேள்விகளைச் சேகரியுங்கள். பெயர் எழுதாத சீட்டுகளை ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். பெட்டி போதகர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். எந்தச் சீட்டையும் "இது தேவையில்லாதது" என்று தள்ளாதீர்கள்.

2. ஒரு கூட்டத்துக்கு ஒரே கேள்வி. ஐந்து கேள்விக்கு ஐந்து நிமிடப் பதில் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது.

3. எதிர்த்தரப்பை முழுப் பலத்தோடு முன்வையுங்கள். ஒரு வாலிபரை முன்கூட்டியே நியமித்து, பத்து நிமிடம் அவிசுவாசியின் இடத்திலிருந்து பேசச் சொல்லுங்கள். பெர்ட்ரண்ட் ரஸல் 1927-இல் லண்டனில் ஆற்றிய, தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்ற உரையையோ பெரியாரின் கட்டுரைகளையோ நண்பர் அனுப்பிய காணொளியையோ அவர் நேரடியாகப் படித்து அல்லது பார்த்து வர வேண்டும். அந்தக் கருத்துள்ள நண்பர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால், "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையசைப்பாரா? அதுவே அளவுகோல். கேலிச் சித்திரத்தை எதிர்த்து வென்ற பிள்ளை உண்மையான ஆளைச் சந்திக்கும்போது திணறிப்போகும்.

4. சிறு குழுக்களில் பிரித்துப் பாருங்கள். நாலைந்து பேராக இருபத்தைந்து நிமிடம். கேட்ட வாதத்தில் எது உண்மை, எது தவறு, எது நமக்கு இன்னும் தெரியாதது என்று மூன்று பத்திகளில் எழுதட்டும். முதல் பத்தி காலியாக இருந்தால் அவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

5. தலைவர் தொகுத்துச் சொல்லுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முந்தின வாரமே தயாரித்திருக்க வேண்டும்.

6. இருவர் இருவராகப் பேசிப் பார்க்கட்டும். ஒருவர் கேட்க, மற்றவர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும், அதுவும் வீட்டில் பேசும் தமிழில். "கிருபை", "அபிஷேகம்", "மீட்பு" போன்ற சொற்கள் விடுதி நண்பருக்குப் பழக்கமில்லை. அவற்றின் பொருளை விளக்கமாகச் சொல்லத் தெரியாதவரை பதில் தயார் ஆகவில்லை.

7. "தெரியாது" நோட்டு ஒன்று வையுங்கள். பதில் கிடைக்காத கேள்வியை அதில் எழுதி, யார் தேடி வருவார் என்று பெயரும் எழுதுங்கள். அடுத்த கூட்டம் அந்த நோட்டிலிருந்து தொடங்கட்டும். "தெரியாது, தேடிச் சொல்கிறேன்" என்று தலைவர் சொல்வதைப் பார்த்த பிள்ளைக்கு, வெளியேயும் அப்படிச் சொல்லத் துணிவு வரும்.

முழு மாதிரி: "பைபிளைத் திருத்திவிட்டார்களே?"

நம் பிள்ளைகள் அதிகமாகச் சந்திக்கும் கேள்வி இது. இஸ்லாமிய நண்பர்கள் தங்கள் விசுவாசத்தின்படி கேட்பார்கள். மற்றவர்கள் பார்ட் எர்மன் போன்ற அறிஞர்களின் நூல்களிலிருந்து எடுத்த காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். பேச்சு இப்படிப் போகலாம்.

"அண்ணே, என் ஃப்ரெண்ட் ரெண்டு பைபிளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுறான். நம்ம பழைய மொழிபெயர்ப்புல 1 யோவான் 5:7-ல பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவின்னு மூணு பேர் வர்றாங்க. திருவிவிலியத்துல அந்த வரியே இல்ல. யார் எடுத்தா?"

"நல்லாப் பார்த்திருக்கான்ப்பா உன் ஃப்ரெண்டு. அவன் சொல்றது உண்மைதான். ஆனா யாரும் எடுக்கல. பழைய கிரேக்கப் பிரதிகள்ல அந்த வரி கிடையாது. லத்தீன் வழியா வந்து பின்னாடி சேர்ந்தது."

"அப்ப நம்ம பைபிள்ல சேர்த்தது இருக்குன்னு ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன். அது எப்படித் தெரிஞ்சதுன்னு கேளு, அதுலதான் விஷயமே இருக்கு."

இந்த உரையாடலில் தலைவர் செய்ததைக் கவனியுங்கள். உண்மையை முதலில் ஒப்புக்கொண்டார். இனிமேல் அவர் சொல்வதைப் பிள்ளை நம்பும். அதன்பின் அவர் விளக்க வேண்டியவை இவை.

அச்சு வருமுன் எல்லா நூல்களும் கையால் படியெடுக்கப்பட்டன. கையால் எழுதும்போது பிழை வரும், ஓரக்குறிப்பு உள்ளே நுழையும். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள், துண்டுகளாகவும் முழுமையாகவும் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்குள் பல லட்சம் வேறுபாடுகள் உண்டு. காணொளிகள் இந்த எண்ணைத்தான் காட்டும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல் வரிசை மாற்றம் போன்றவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரதிகள் அதிகமாக இருப்பதால்தான் வேறுபாடுகளும் அதிகம். அதனாலேயே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது பின்னால் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கவும் முடிகிறது. ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்திருந்தால் வேறுபாடே இருக்காது. அது சரியா என்று சோதிக்க வழியும் இருக்காது.

1 யோவான் 5:7 அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான். எராஸ்முஸ் 1516-இலும் 1519-இலும் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்த வரி இல்லை. எதிர்ப்பு வந்ததால் 1522-இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்த மரபைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளில் அது தொடர்ந்தது. 1995-இல் வந்த திருவிவிலியம் பழைய பிரதிகளைப் பின்பற்றியதால் விட்டுவிட்டது. திரித்துவப் போதனை அந்த ஒரு வரியில் தொங்கவில்லை. மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 போன்ற இடங்கள் அப்படியே இருக்கின்றன.

இன்னும் இரண்டு பெரிய பகுதிகளை நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள்: மாற்கு 16:9-20, யோவான் 7:53-8:11. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இவை இரண்டும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம் நமக்கு மிகவும் பிரியமானது. அதைப் பற்றிய உண்மையை விடுதியில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நம்மிடமே தெரிந்துகொள்வது பிள்ளைக்கு நல்லது.

பழைய ஏற்பாட்டுக்குக் கும்ரான் குகைகளைக் காட்டுங்கள். 1947 முதல் சவக்கடல் அருகே கிடைத்த சுருள்களில் ஏசாயா நூல் ஏறக்குறைய முழுமையாக, ஏழு மீட்டருக்கு மேல் நீளமான ஒரே சுருளில் இருக்கிறது. அதுவரை எபிரெயப் பழைய ஏற்பாடு முழுவதுக்கும் ஆதாரமாயிருந்த லெனின்கிராட் பிரதி சுமார் 1008-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கும்ரான் சுருள் அதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. இரண்டையும் ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டிலும் சொற்களிலும் வேறுபாடுகள் உண்டு, ஆனால் ஏசாயா சொல்லும் செய்தி ஒன்றே.

இந்தச் சான்றுகள் எதை நிரூபிக்கின்றன, எதை நிரூபிக்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். நம் கையிலிருக்கும் நூல், முதலில் எழுதப்பட்டதோடு நம்பத்தக்க அளவில் ஒத்துப்போகிறது என்று அவை காட்டுகின்றன. எழுதப்பட்டது தேவனுடைய வார்த்தை என்று பிரதிகளின் எண்ணிக்கை காட்டாது. அது விசுவாசத்தால் ஏற்கப்படுவது, வாசித்து வாழ்ந்து பார்க்கும்போது உறுதிப்படுவது. இந்த எல்லை தெரிந்த பிள்ளை தேவைக்கு மேல் வாதாடி மாட்டிக்கொள்ளாது.

"இயேசு வாழ்ந்ததற்கும் உயிர்த்ததற்கும் சான்று என்ன?"

இரண்டையும் பிரித்துப் பேசப் பழக்குங்கள். இயேசு என்ற மனிதர் வாழ்ந்து சிலுவையில் இறந்தார் என்பதை, விசுவாசமில்லாத வரலாற்று அறிஞர்களிலும் மிகப் பெரும்பான்மையோர் ஏற்கிறார்கள். எர்மனே 2012-இல் அதை நிறுவ ஒரு நூல் எழுதினார். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கி.பி. 64-இல் ரோமாபுரி எரிந்ததைச் சொல்லும் இடத்தில், திபேரியு ஆட்சியில் பிலாத்து கிறிஸ்துவைக் கொன்றதைக் குறிப்பிடுகிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், கிறிஸ்து என்னப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு கொல்லப்பட்டதைச் சொல்கிறார். யோசேப்பஸில் இயேசுவைப் பற்றி இன்னொரு நீண்ட பகுதியும் உண்டு. அதில் பிற்காலக் கிறிஸ்தவர்களின் கைவண்ணம் கலந்திருப்பதாக அறிஞர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆகவே அதை முதல் சான்றாக எடுக்க வேண்டாம்.

உயிர்த்தெழுதலுக்கு 1 கொரிந்தியர் 15-இலிருந்து தொடங்குங்கள். அந்த நிருபம் 50-களின் நடுவில் எழுதப்பட்டது, அதாவது சிலுவை மரணத்திலிருந்து சுமார் இருபத்தைந்து ஆண்டுக்குள். தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவிப்பதாகப் பவுல் சொல்கிறார். கண்ட சாட்சிகளில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் எழுதுகிறார். கலாத்தியர் 1-இன்படி அவர் எருசலேமில் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கி, யாக்கோபையும் கண்டவர். இந்த யாக்கோபு யார்? யோவான் 7:5-இன்படி இயேசுவை விசுவாசிக்காத சகோதரர்களில் ஒருவர். பின்னர் எருசலேம் சபையின் தூணானார். சீஷரைத் துன்புறுத்திய பவுலும் மாறினார். இந்த மாற்றங்களுக்கு ஒரு காரணம் வேண்டும். நாம் சொல்லும் காரணம் உயிர்த்த கர்த்தரைக் கண்டார்கள் என்பது. நண்பர் வேறு காரணம் சொல்லலாம். அவர் காரணம் எல்லாச் செய்திகளுக்கும் பொருந்துகிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

"அறிவியல் விசுவாசத்தைப் பொய்யாக்கிவிட்டதே?"

ஆதியாகமத்தின் நாட்களை எப்படி வாசிப்பது என்பதில் உண்மையுள்ள கிறிஸ்தவர்களே பலவாறு பிரிந்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள். டார்வினுக்குப் பயந்து பிற்காலத்தில் கண்டுபிடித்த விளக்கமல்ல இது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன், ஆதியாகம விளக்கவுரையில், அந்த நாட்கள் நாம் அறிந்த சாதாரண நாட்கள் அல்ல என்று கருதினார். வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிக்கே நன்றாகத் தெரிந்த விஷயங்களில் கிறிஸ்தவர் தவறாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் சொல்வதை யார் நம்புவார் என்றும் எச்சரித்தார்.

பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். மரபியலுக்கு வழி திறந்த மெண்டல் ஒரு துறவி. மனித மரபணுத் திட்டத்தை நடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் வாலிபத்தில் நாத்திகராக இருந்து விசுவாசத்துக்கு வந்தவர். இந்தப் பெயர்கள் ஆண்டவர் இருக்கிறார் என்று நிரூபிக்காது. அறிவியலும் விசுவாசமும் ஒரே மனதில் நேர்மையாக வாழ முடியும் என்று காட்டும், அவ்வளவே. பெருவெடிப்பைச் சிருஷ்டிப்புக்குச் சான்றாக எடுப்பதை லெமெத்ரே விரும்பவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நம் பிள்ளைகளும் கற்கட்டும்.

"இவ்வளவு துன்பம் ஏன்?"

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் பக்தர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் பண்டிகை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மூன்றிலும் வழிபட வந்தவர்கள் குண்டுவெடிப்பில் பலியானார்கள். சீயோனில் இறந்தவர்களில் குழந்தைகள் பலர். "தொழ வந்தவர்களையே காக்காத கடவுள் எதற்கு?" என்ற கேள்வியை எந்தக் காரணம் சொல்லியும் வாயடைக்க முயலாதீர்கள்.

தேவன் மனிதருக்குச் சித்த சுதந்தரம் கொடுத்திருக்கிறார், அது கொடுமை செய்யவும் இடம் தருகிறது என்று சொல்லலாம். குண்டு வைத்தவர்களைப் பற்றிப் பேச அது உதவும், கடலலையைப் பற்றிப் பேச உதவாது. "அவர்கள் பாவத்துக்குத் தண்டனை" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசுவே மறுத்தார் (லூக்கா 13). யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்.

நம்மால் சொல்லக்கூடியது இது: துன்பத்தின் முழுக் காரணமும் நமக்கு வெளிப்படுத்தப்படவில்லை. ஆனால் நாம் வணங்குகிறவர் துன்பத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர் அல்ல. சிலுவையில் தாமே கைவிடப்பட்டதாகக் கதறியவர். 88-ஆம் சங்கீதம் போல, விடை கிடைக்காமலே முடிகிற ஜெபங்களையும் வேதம் தனக்குள் வைத்திருக்கிறது. இந்தச் சங்கீதத்தை வாலிபரோடு சத்தமாக வாசியுங்கள். முறையிடுவதும் விசுவாசத்தின் பேச்சுதான் என்று அவர்கள் அறியட்டும்.

"வெள்ளைக்காரன் மதம்", "அரிசி மூட்டைக்கு மாறியவர்கள்"

இதில் வரலாற்றுக் கேள்வி ஒன்றும் அவமதிப்பு ஒன்றும் கலந்திருக்கின்றன. வரலாற்றுக்குப் பதில் சொல்லுங்கள். கிறிஸ்தவம் ஆசியாவில், எருசலேமில் பிறந்தது. தோமா மயிலாப்பூரில் மரித்தார் என்பது நீண்ட மரபு. அதை மரபு என்றே சொல்லுங்கள். ஆவணமாகக் காட்ட வேறு சான்றுகள் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற பயணி மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருந்ததை எழுதினார். கி.பி. 849-இல் கொல்லத்தில் ஒரு தேவாலயத்துக்கு உரிமைகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் வட்டெழுத்தில் இருக்கின்றன. வாஸ்கோ ட காமா வந்தது 1498-இல்தான்.

அதே நேரத்தில், தமிழகத்தின் இன்றைய புரட்டஸ்தாந்து சபைகள் 1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தொடரும் அருட்பணியில் பிறந்தவை, ஐரோப்பிய ஆட்சியின் நிழலில் வளர்ந்தவை. அதை மறைக்கத் தேவையில்லை. 1876-78 பஞ்சக்காலத்தை ஒட்டிப் பலர் சபைக்கு வந்ததும் உண்மை. ஒடுக்கப்பட்ட மக்கள் மரியாதையையும் படிப்பையும் சோற்றையும் தேடி வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பசித்தவருக்குச் சாப்பாடு கொடுப்பது நற்செய்தியின் பகுதி. நம் பாட்டன் பாட்டிகள் சிந்தித்து எடுத்த முடிவை ஒரு மூட்டை அரிசிக்குச் சுருக்குவதுதான் அநியாயம் என்று பிள்ளைகள் அமைதியாகச் சொல்லட்டும்.

சாதியைப் பற்றிக் கேட்டால் தற்காத்துப் பேசவே வேண்டாம். வடக்கன்குளத்தில் சாதிப்படி பிரிந்து உட்காரச் சுவர் வைத்த தேவாலயம் இருந்தது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்றும் தனிக் கல்லறைகளும் சாதி பார்க்கும் திருமணங்களும் இருக்கின்றன. பகுத்தறிவு பேசும் நண்பர் இதைச் சுட்டினால் சரியான பதில்: "நீங்கள் சொல்வது உண்மை. இது எங்கள் வேதத்துக்கே விரோதமான பாவம்." கலாத்தியர் 3:28-ஐயும் யாக்கோபு 2-ஐயும் காட்டுங்கள். அதோடு நிற்காமல், உங்கள் ஐக்கியமே இதற்கு எதிராக என்ன செய்கிறது என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு வாயால் மட்டும் பதில் சொல்ல முடியாது.

விட்டுவிட வேண்டியவை

விசுவாசத்துக்கு உதவும் என்று நினைத்து வாட்ஸ்அப்பில் வரும் கதைகள் பல பொய். டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார் என்பது 1915-இல் அமெரிக்காவில் அச்சான கதை, டார்வினுடைய மகளே அதை மறுத்தார். யோசுவா காலத்தில் காணாமல்போன நாளை நாசா கணினி கண்டுபிடித்தது என்பதும் கட்டுக்கதை. செங்கடல் அடியில் பார்வோனின் ரதச்சக்கரங்கள் கிடைத்ததாகச் சொல்வதற்குத் தொல்லியல் சான்று இல்லை. பேராசிரியரைத் திணறடித்த மாணவர் ஐன்ஸ்டீன் என்ற கதையும் அப்படியே. பொய்யால் சத்தியத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஒரு பொய் பிடிபட்டால், நாம் சொன்ன உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பிற மதத்தாரின் தெய்வங்களையும் நபிகளையும் வழிபாட்டையும் இகழ்ந்து பேசுவதை எந்தக் கூட்டத்திலும் அனுமதிக்காதீர்கள். நமக்குச் செய்யப்படக் கூடாது என்று நாம் விரும்புவதை நாம் செய்யக் கூடாது. சமூக ஊடகப் பின்னூட்டத்தில் நடக்கும் வாக்குவாதத்தில் நள்ளிரவுவரை சிக்கிக்கொள்ளும் வாலிபருக்கு, அந்த நண்பரை நேரில் டீ குடிக்க அழைக்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு

உங்கள் மகளோ மகனோ "எனக்கு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது" என்று சொன்னால், அன்று அழவோ சாபம்போல் பேசவோ வேண்டாம், உடனே போதகரை வீட்டுக்கு அழைக்கவும் வேண்டாம். உங்களிடம் சொன்னதற்காக நன்றி சொல்லுங்கள். எந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது என்று கேளுங்கள். அவர்கள் படிக்கும் புத்தகத்தை நீங்களும் படியுங்கள். உங்கள் சொந்த விசுவாசம் எதில் நிற்கிறது, எந்த இரவில் ஆட்டம் கண்டது என்று மறைக்காமல் சொல்லுங்கள். குடும்ப ஜெபத்தில் அவர்களைக் குத்திக்காட்டி ஜெபிக்காதீர்கள். வீட்டில் அவர்களுக்கான இடம் அவர்கள் விசுவாசத்தின் அளவைப் பொறுத்ததல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்தால்தான் திரும்பி வர வழி இருக்கும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

- கேள்விப் பெட்டியை வைத்து, முதல் கேள்விக் கூட்டத்தின் தேதியை ஆராதனையில் அறிவியுங்கள்.
- 1 யோவான் 5:7-ஐப் பழைய மொழிபெயர்ப்பிலும் திருவிவிலியத்திலும் பக்கத்தில் வைத்து வாசித்து, ஐந்து நிமிடத்தில் விளக்கப் பழகுங்கள்.
- ஐக்கியத்தில் சமீபத்தில் துக்கம் கண்டவர் யார் என்று பட்டியலிட்டு, துன்பத்தைப் பற்றிய கூட்டத்துக்கு முன்பாக அவரைத் தனியாகச் சந்தியுங்கள்.
- அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறவர்களை இப்போதே கணக்கெடுத்து, போகும் ஊரில் உள்ள ஒரு சபையோடும் மாணவர் ஐக்கியத்தோடும் தொடர்பு ஏற்படுத்துங்கள்.
- உங்கள் சபையில் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று வாலிபரிடமே கேளுங்கள். சொன்னதை எழுதி, சபைக் குழுவின் முன் வையுங்கள்.

மூன்று நான்கு கூட்டங்கள் கழிந்தபின் பெட்டியிலுள்ள சீட்டுகளைப் பாருங்கள். தொடக்கத்தில் காணொளியில் கேட்ட கேள்விகள் இருக்கும். போகப்போக அவரவர் மனதின் சொந்தக் கேள்விகள் வரத் தொடங்கினால், உங்கள் பிள்ளைகள் சபையை நம்பத் தொடங்கிவிட்டார்கள். பதில்கள் அவர்களுக்கு மறந்துபோகலாம். எதையும் கேட்கலாம், கேட்டாலும் கர்த்தருடைய வீட்டில் தங்களுக்கு இடம் உண்டு என்பது மறக்காது. அந்த நிச்சயத்தோடு அவர்களை அனுப்புங்கள்.